சுவடியும் குடிபெயர்ச்சியும்: உ. வே. சாமிநாதையரின் இல்லமும் எழுத்தகமும்

ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றை ஆராய்வோர், ஒரு நூல் இயற்றப்பட்ட காலத்தையும், படியெடுக்கப்பட்ட காலத்தையும், அச்சேறிய காலத்தையும் நுணுகி நோக்குவர். இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில் அச்சுவடி எத்துணை வீடுகளில் இருந்தது, வீடு பெயர்ந்தபோது எங்ஙனம் கட்டப்பட்டது, எவ்வாறு சுமந்து செல்லப்பட்டது என்பனவற்றை வினவுவார் அரியர். குடிபெயர்தல் இல்லறத்தார்க்கு நேரும் ஒரு தொல்லை. அஃது ஆராய்ச்சிக்கு உரிய பொருளன்று என்பது பொதுவான எண்ணம் போலும்.

ஆயின் தமிழ்ச் சுவடிகள் மடங்களிலும் அரண்மனை நூலகங்களிலும் மட்டும் இருந்தவை அல்ல. புலவர், கவிராயர், ஊர்ப்பெரியோர் ஆகியோருடைய வீடுகளில், நெற்குதிருக்கும் பாத்திரப் பெட்டிக்கும் அருகே, பரணிலும் மாடத்திலும் இருந்தவை மிகப் பல. வீடு பெயர்ந்தபோது அவையும் பெயர்ந்தன; அல்லது பெயராமல் விடப்பட்டன. பெயர்தல் என்பது ஒருவகையில் தேர்தலே. ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாத பொருளைக் கையில் எடுத்து, ‘இது வேண்டுமா, வேண்டாவா?’ என்று வீட்டார் வினவும் நாள் அஃது ஒன்றே. அவ்வினாவுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் அச்சுவடியைப் படிக்க அறியாதவர் என்பதையும் நாம் நினைதல் வேண்டும்.

தொழிற்கருவிகளைக் கட்டிக்கொண்டு இடம் பெயரும் வழக்கம் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. பாணரும் பொருநரும் கூத்தரும் தம் இசைக்கருவிகளைப் பையிலிட்டுச் சுமந்தனர். அப்பைக்குக் ‘கலப்பை’ என்பது பெயர். கலம் இடும் பை என்பது பொருள். உழுபடையாகிய கலப்பையோடு இதனை மயங்கற்க. மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் முழவு முதலிய பல கருவிகள் வரிசையாகக் கூறப்பட்டு, அவை எடை ஒத்து இருபுறமும் நிற்குமாறு கட்டப்பட்ட தோற்றம் பலாவின் காய்க்குலைக்கு ஒப்பிடப்படுகிறது. எடை ஒக்கக் கட்டுதல் என்பது காவடிச் சுமையின் நுட்பம். ஒருபுறம் தாழ்ந்தால் தோள் நோவதோடு கருவியும் உடையும். பாடியவர் அதனை நேரிற் கண்டவர் என்பதில் ஐயமில்லை. புறநானூற்று 206ஆம் பாட்டில், அதியமானின் வாயிலில் காக்கவைக்கப்பட்ட ஔவையார் தம் கலங்களைக் காவிக்கொண்டு, கலப்பையையும் கட்டிப் புறப்பட்டுவிட்டதாகக் கூறுகிறார். புலமையோர் ஒருவர் தம் தொழிற்கூடம் முழுவதையும் ஒரு பையில் அடக்கிக்கொண்டு வெளியேறும் காட்சி அது. அவருடைய துணிவுக்கு அப்பையின் சிறுமையும் ஒரு காரணம் என்று கருதலாம். அறை நிறையச் சுவடி வைத்திருக்கும் புலவர்க்கு அவ்வளவு எளிதில் வாயிலை விட்டு நீங்குதல் இயலாது.

இல்லம் முழுவதும் பெயரும் காட்சியை உமணர் வாழ்க்கையில் காண்கிறோம். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வாணிகரின் வண்டியில் காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையை உடைய தாய் எருதுகளைப் பின்னின்று செலுத்துகிறாள். அவ்வண்டி வாணிக வண்டி மட்டும் அன்று. அடுக்களையும் தொட்டிலும் ஏறிய வீடு. புறநானூற்று 102ஆம் பாட்டோ, வழியில் அச்சு முறியக்கூடும் என்று கருதி வண்டியின் கீழ்மரத்தில் உமணர் கட்டிவைக்கும் ‘சேம அச்சு’ என்பதனைச் சுட்டுகிறது. மேடும் பள்ளமும் எங்கு நேரும் என்பதை முன்னரே அறிய இயலாது என்பதனால், முறிவதற்கு முன்பே மாற்றினைக் கட்டிக்கொண்டு செல்லும் அறிவு அது. இச்சேம அச்சினைப் பின்னர் மீண்டும் நினைக்க நேரும்.

இக்கட்டுரையாளர் வாழும் காங்கேயம், இருப்புப்பாதை தொடாத ஊர். புகைவண்டி வேண்டுவோர் ஊத்துக்குளிக்கோ திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ செல்லல் வேண்டும். சரக்குந்துகள் பெருகும் முன்னர் இவ்வூர்ப் பகுதியில் குடிபெயர்ந்தோர்க்கு மாட்டுவண்டியே துணை. அவ்வண்டியை இழுத்த மாட்டினமும் இவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. பாரம் இழுக்கும் ஆற்றலுக்குப் பெயர்பெற்ற காங்கேயம் காளைகளைப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தினர் பேணி வளர்த்ததும் பலர் அறிந்ததே. வீடு பெயரும்போது எப்பொருள் புதிய வீட்டில் முதலில் நுழைய வேண்டும் என்பதற்கு மக்களிடையே முறை உண்டு. விளக்கும் நிறைகுடமும் மஞ்சளும் உப்பும் முதலில் செல்லும். பால் காய்ச்சிய பின்னரே ஏனைய பொருள்கள் செல்லும். சுவடிக்கு அவ்வரிசையில் தனியிடம் வகுக்கப்படவில்லை. பூசைப் பொருள்களோடு சேர்ந்த சுவடி முதல் வண்டியில் சென்றிருக்கும். பழைய தட்டுமுட்டுப் பொருள்களோடு சேர்ந்தது கடைசி வண்டியின் அடியில் கிடந்திருக்கும்.

கொங்கு நாட்டிற்கும் பதிப்பு வரலாற்றிற்கும் உள்ள தொடர்பு இரண்டு பெருநூல்களால் விளங்கும். பெருங்கதை இயற்றிய கொங்குவேளிர் விசயமங்கலத்தினர். சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் கொங்கு நாட்டு நிரம்பையர். அவரைப் புரந்தவன் பொப்பண்ண காங்கேயன் என்பது அவ்வுரையின் சிறப்புப்பாயிரத்தால் அறியப்படும். காங்கேயர் என்பது கங்கர் வழியினரைக் குறிக்கும் பெயராகவும் கொள்ளப்படுமாதலின், ஊர்ப்பெயரோடு அதனை விரைந்து இணைத்தல் தகாது. எம்மூரார் இணைத்தே மகிழ்வர். அது நிற்க. இவ்விரு நூல்களும் கொங்கு நாட்டை விட்டு எங்கெங்கோ பெயர்ந்து, இறுதியில் உ. வே. சாமிநாதையரின் கைக்கு வந்து, முறையே 1924ஆம் ஆண்டிலும் 1892ஆம் ஆண்டிலும் அச்சேறின.

வந்தவை எந்நிலையில் வந்தன என்பது நோக்கத்தக்கது. பெருங்கதைக்கு முதலும் இறுதியும் இல்லை. உஞ்சைக் காண்டத்தின் முற்பகுதியாகிய 31 காதைகளை இழந்து, 32ஆம் காதையிலிருந்தே நூல் நமக்குக் கிடைக்கிறது. 1904ஆம் ஆண்டில் வெளிவந்த பதிற்றுப்பத்துக்கும் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. நடுநின்ற எட்டுப் பத்துகளே எஞ்சின. இருபுறமும் இழந்து நடுவே நிலைத்த இவ்வொற்றுமை தற்செயலாக நேர்ந்ததென்று கொள்ள மனம் ஒருப்படவில்லை. சுவடிக் கட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். ஏடுகளின் துளைகளில் ஒன்றில் நாராசம் செருகப்படும். மற்றொன்றில் கயிறு கோக்கப்படும். கயிற்றின் தலைப்பில் துளைவழியே உருவி வாராதபடி கிளிமூக்கு என்னும் துண்டு முடியப்படும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டித் துணியால் பொதிவர். சட்டம் உள்ளவரை ஏடு காவல் பெறும். பெயர்ச்சி ஒன்றில் சட்டம் பிளந்தாலோ, வேறு பயனுக்கென எடுக்கப்பட்டாலோ, அதன்பின் உராய்வையும் ஈரத்தையும் கறையானையும் முதலில் ஏற்பவை மேலேடும் கீழேடுமே. கட்டினை நெகிழ்த்துக் கட்டினால் வண்டியின் குலுக்கத்தில் ஏடுகள் ஒன்றோடொன்று உராயும்; இறுக்கிக் கட்டினால் கயிறு துளையை அறுக்கும். சி. வை. தாமோதரம் பிள்ளை 1887ஆம் ஆண்டில் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்புரையில், ஏட்டினைத் தொடும்போதும் கட்டவிழ்க்கும்போதும் புரட்டும்போதும் அது எவ்வாறெல்லாம் சிதைகிறது என்பதனைக் கண்ணீர் வரச் சொல்லியிருக்கிறார். மேசைமேல் வைத்துப் புரட்டும்போதே அந்நிலை என்றால், நாற்பது கல் தொலைவு வண்டியில் சென்றபோது என்ன நேர்ந்திருக்கும்!

எல்லா இழப்பையும் இக்காரணத்தில் அடக்குதல் பொருந்தாது. புறநானூற்றில் 267, 268 ஆகிய பாட்டுகளும், ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய பாட்டுகளும் இல்லை. இவை நடுவே நேர்ந்த இழப்புகள். ஓர் ஏடு ஒடிந்ததாலோ, படியெடுத்தவர் தவறவிட்டதாலோ இவை நேரலாம். அடியார்க்கு நல்லார் உரையில் கானல்வரிப் பகுதி இல்லாமையும் இவ்வகையைச் சாரும். வஞ்சிக்காண்டத்துக்கு அவர் உரை கிடையாமையோ இறுதியில் நேர்ந்தது. அதற்குக் காரணம் ஏட்டின் சிதைவோ, உரைகாரரே அவ்வளவில் நின்றதோ என்பது வேறு வினா. இடை இழப்பையும் கடை இழப்பையும் பிரித்து நோக்க வேண்டும் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது. பதிப்புரைகளில் ‘சிதைந்தது’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தல் நமக்குப் பழக்கமாகிவிட்டது.

இனி, சுவடிகளைத் தேடித் தொகுத்தவரின் வீட்டை நோக்குவோம். 1855ஆம் ஆண்டில் பிறந்த சாமிநாதையரின் இளமை குடிபெயர்ச்சியிலேயே கழிந்தது. தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர். உத்தமதானபுரத்தில் வீடு உண்டெனினும், அரியலூர், குன்னம், கார்குடி எனக் குடும்பம் ஊர்தோறும் சென்று தங்கிற்று. தந்தையாரின் பிழைப்பு ஒரு காரணம். மகனுக்குத் தமிழ் கற்பிக்க வல்லார் எவ்வூரில் உளர் என்னும் தேட்டம் மற்றொரு காரணம். பொருள் தேடிக் குடிபெயர்ந்தோர் பலர். பாடம் சொல்லுவார் ஒருவரைத் தேடி, அடுப்பையும் பாத்திரத்தையும் கட்டிக்கொண்டு ஒரு குடும்பம் பெயர்ந்தது எண்ணத்தக்கது. ‘என் சரித்திரம்’ நூலில் அப்பகுதிகளைப் படிப்போர், அக்குடும்பத்தின் உடைமை மிகச் சிறிது என்பதையும் உடன் உணர்வர். சுமை சிறிதாயிருந்ததனால் பெயர்தல் எளிதாயிற்று. 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடையும் வரை அது தொடர்ந்தது.

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த பின்னர் நிலை மாறிற்று. அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணி ஆராய்ச்சி தொடங்கிற்று. அதன்பின் வீடு வீடாக மட்டும் இருக்கவில்லை. ஏடுகள், அவற்றைப் பார்த்து எழுதிய கடிதப் பிரதிகள், பாடவேறுபாடு குறித்த புத்தகங்கள், மேற்கோள் விளக்கக் குறிப்புகள், அச்சகத்திலிருந்து வரும் ஒப்புநோக்குத் தாள்கள், நாடெங்கிலுமிருந்து வந்த கடிதங்கள் ஆகியன சேர்ந்து வீட்டின் ஒரு பகுதி எழுத்தகமாயிற்று. அச்சகமோ சென்னையில். எழுத்தகத்துக்கும் அச்சகத்துக்கும் இடையே தாள்கள் சென்று மீள்வதும், கல்லூரி விடுமுறையில் அவரே ஏடுகளுடன் சென்னைக்குச் செல்வதும் ஆக, சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம், புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியன வெளிவந்தன. எழுத்தகத்தில் ஒரு பகுதி எந்நாளும் பயணத்திலேயே இருந்தது எனலாம்.

1903ஆம் ஆண்டில் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டபோது இல்லமும் எழுத்தகமும் ஒருங்கே பெயர்ந்தன. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இப்பெயர்ச்சிக்குத் தனியிடம் உண்டு. எனினும் அதனை அவர் வாயால் கேட்கும் பேறு நமக்கு இல்லை. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘என் சரித்திரம்’, மணிமேகலைப் பதிப்பைச் சார்ந்த காலத்தோடு நின்றுவிடுகிறது. ஏடு தேடி அவர் சென்ற பயணங்கள் அத்தனையும் விரித்துரைக்கப்பட்டிருக்க, தேடிய ஏடுகள் அனைத்தையும் கட்டிக்கொண்டு பெயர்ந்த அப்பயணம் ஏட்டில் ஏறாமலே போயிற்று.

ஆயினும் அப்பெயர்ச்சி எத்துணைக் கருத்தோடு செய்யப்பட்டது என்பதற்குச் சான்று உண்டு. அவருக்கு வந்த கடிதங்கள் ‘உ.வே.சா. கடிதக் கருவூலம்’ என்னும் பெயரில், ஆ. இரா. வேங்கடாசலபதியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 2018ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கின. முதல் தொகுதியில் உள்ளவை கும்பகோணத்துக் காலத்தைச் சார்ந்தவை. அதாவது, 1903ஆம் ஆண்டில் வீட்டைக் காலி செய்தபோது, அச்சேறி முடிந்த நூல்களைப் பற்றிய பழங்கடிதங்களும் கழித்துக் கட்டப்படவில்லை, கட்டி ஏற்றப்பட்டன. இடம் பெயரும் எவரும் முதலில் கழிப்பது பழங்கடிதங்களையே. நூல் வெளிவந்துவிட்டதே, இக்கடிதம் எதற்கு என்று கருதாமல், ஏடு தந்தவர் பெயரும் தர மறுத்தவர் சொல்லும் வரலாற்றுக்கு வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். அவ்வாறு ஏற்றப்பட்ட கட்டுகளே இன்று பதிப்பு வரலாற்றின் அடிப்படை. மூல ஏடு சிதைந்தபோதிலும் அதன் செய்தி தாங்கிய கடிதமும் கடிதப்பிரதியும் துணைநின்றன. உமணர் வண்டியின் சேம அச்சு என்று முன்னர்க் கூறியது இதனைக் கருதியே.

சென்னையில், திருவேட்டீசுவரன்பேட்டைப் பிள்ளையார் கோயில் தெருவில் அமைந்த ‘தியாகராச விலாசம்’ நெடுங்காலம் அவர் இல்லமாகவும் எழுத்தகமாகவும் விளங்கிற்று. 1918ஆம் ஆண்டுப் பரிபாடலும், பெருங்கதையும், 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகையும் சென்னை வாழ்க்கையின் பயன். 1919ஆம் ஆண்டில் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் வீடே கல்லூரியும் ஆயிற்று. இடையே 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராக இருந்ததும் உண்டு. அதனை விரிக்க வேண்டுவதில்லை.

1942ஆம் ஆண்டு வேறு வகையான பெயர்ச்சியைக் கொணர்ந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் சப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னை நகரம் கலங்கிற்று. அரசு அலுவலகங்களே உள்நாட்டுக்குப் பெயர்ந்தன. உயர்நீதிமன்றம் எம் கொங்கு நாட்டுக் கோயம்புத்தூருக்கு வந்தது. அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் திருப்பதிக்குச் சென்றது. அரசின் பெயர்ச்சிக்கு ஆணை உண்டு, எழுத்தர் உண்டு, பொருட்பட்டியல் உண்டு. தனி ஒருவர் வீட்டில் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்த சுவடிகளுக்கு அவற்றின் முறை அறிந்த கைகளே துணை. வீட்டுப் பொருள் பெட்டி மாறி வைக்கப்பட்டாலும் பொருளாகவே இருக்கும். செம்பு எப்பெட்டியில் இருந்தாலும் செம்பே. எழுத்தகப் பொருள் அத்தகையதன்று. ஒரு பாடவேறுபாட்டுக் குறிப்பு அதற்குரிய ஏட்டினின்றும் பிரிந்தால், அது யாது நூலின் குறிப்பு என்று காண்பதற்கே ஓர் ஆராய்ச்சி வேண்டும்.

87 வயதினராகிய சாமிநாதையர் குடும்பத்தாருடன் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றார். ஏப்பிரல் 28ஆம் நாள் அங்கேயே காலமானார். தன்வரலாறு முற்றுப்பெறாமல் நின்றது. 1903ஆம் ஆண்டுப் பெயர்ச்சி அந்நூல் சென்று சேராத தொலைவில் இருந்தது. 1942ஆம் ஆண்டுப் பெயர்ச்சியோ எழுதுகோலையே கீழே வைக்கச் செய்தது. அவர் அஞ்சி விட்டகன்ற நகரத்தில் அவ்வேப்பிரலில் குண்டு எதுவும் விழவில்லை என்பதையும் வரலாறு குறித்துவைத்திருக்கிறது. அதனைக் கொண்டு அப்பெயர்ச்சி வீண் என்று கூறுதல் பின்வந்தோர்க்கு எளிது. விசாகப்பட்டினத்துச் செய்தி கேட்ட நாளில், பதிப்பிக்கப்படாத ஏடுகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கியவரின் நிலையில் நின்று அதனை மதிப்பிடல் வேண்டும்.

இதற்குப்பின் நேர்ந்த பெயர்ச்சியே என் கருத்தில் தலையாயது. 1943ஆம் ஆண்டில், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால், சாமிநாதையரின் நூல்களையும் சுவடிகளையும் கொண்டு ‘மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம்’ அடையாற்றில் தொடங்கப்பட்டது. தந்தையின் தொகுப்பைப் பங்கிட்டு வைத்துக்கொள்ளாமலும், விலை கூறாமலும், ஒருசேர அளித்தவர் அவர் மகனார் கலியாணசுந்தரையர். அன்று இல்லமும் எழுத்தகமும் முதன்முறையாகப் பிரிந்தன. பிரிந்தது நன்றாயிற்று. நூல் நிலையம் பின்னர்ப் பெசண்டு நகருக்குப் பெயர்ந்து இன்றும் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்பட்டு வருகிறது. பெயராமல் நின்ற ‘தியாகராச விலாசம்’ 2012ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அவ்வீட்டை நினைவில்லமாகக் காத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. அதனை இழந்தது நம் குறையே. ஆயினும் 1943ஆம் ஆண்டில் சுவடிகள் அவ்வீட்டுக்கே உரியவை என்று விடப்பட்டிருந்தால், இழப்பு ஒரு கட்டடத்தோடு நின்றிராது.

கொங்கு நாட்டில் இத்தகைய பிரிவு ஒழுங்காக நிகழவில்லை. திருச்செங்கோடு தி. அ. முத்துசாமிக் கோனார், பின்னர்ப் புலவர் செ. இராசு ஆகியோர் செப்பேடுகளையும் ஓலைகளையும் தேடித் தொகுத்ததால் ஒரு பகுதி எஞ்சிற்று. காங்கேயம் பகுதியில் அரிசி ஆலையும் தேங்காய்க் களமும், அண்மையில் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் குடும்பங்களை ஊரைவிட்டு நகரத்துக்கு ஈர்த்த வண்ணம் உள்ளன. பரண் உள்ள வீடு இடிக்கப்பட்டுப் பரண் இல்லாத வீடு எழுகிறது. காணியோலைகளும் குலவரலாற்று ஓலைகளும் இருந்த இடம் அப்பரணே.

களப்பணிக்குச் செல்லும் முதுகலை மாணவர், ஓர் ஓலைக்கட்டினைப் பெறும்போது நூற்பெயரையும் ஏட்டெண்ணையும் மட்டும் குறித்து வருகின்றனர். அவற்றோடு குறிக்கத்தக்கன வேறு சில உண்டு. அக்கட்டு இவ்வீட்டிற்கு எவ்வூரிலிருந்து வந்தது. யார் காலத்தில், எக்காரணத்தால் குடும்பம் பெயர்ந்தது. மணவுறவாய் வந்த வீட்டிலிருந்து சீர்ப்பெட்டியோடு வந்ததா. அதனுடன் ஒரே துணியில் கட்டப்பட்டிருந்த ஏனைய கட்டுகள் யாவை. மேற்சட்டமும் கீழ்ச்சட்டமும் உளவா. கயிறு பழையதா, பின்னர்க் கோத்ததா. முதலேடும் கடையேடும் எந்நிலையில் உள்ளன. இவ்வினாக்களுக்கு விடை கூற வல்ல முதியோர் இன்னும் சில வீடுகளில் உளர். துணியை அவிழ்ப்பதற்கு முன்னரே அவர்களை வினவிக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவிழ்த்தபின் கட்டுகளின் அடைவு மாறிவிடும்.